தேங்காய் எண்ணெய் தெரியுதா, அதை முதல்ல சொல்லுங்க

ஞாயித்துக்கிழமை காலங்காத்தால அண்ணாச்சி ஃபோன். "தம்பி, அந்த டிவி பாதி செத்துட்டு. மீதி பாதியில என்னமோ பச்சையா ஓடுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

அவர் டிவின்னு சொல்றது டிவி இல்லீங்க. கடை நெத்தியில மாட்டியிருக்கிற எல்இடி திரை. மூணரை லட்சம் ரூபாய். ஊர்ல வீட்டுக்கு மாடி எடுக்கிறதுக்குன்னு அவரும் அக்காவும் நாலு வருஷமா சேர்த்து வச்ச காசு. பிப்ரவரியில மாட்டினாங்க, மே மாசம் மழை ஆரம்பிச்சுது, செப்டம்பர்ல பாதி செத்துடுச்சு. பதினாலு வருஷமா இந்தத் தீவுல மின்சார வேலை பார்த்து வயித்தைக் கழுவுற ஆள்ங்கிறதால இந்த மாதிரி இழவு வீட்டுக்கெல்லாம் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும் :-)

ஏணி வச்சு ஏறிப் பின்பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே பச்சைப் பசேல்னு இருக்கு. பாசி இல்லை, செம்புக் களிம்பு. ஐசி கால்கள், ரிப்பன் கேபிளோட முனை, பவர் சப்ளை திருகு எல்லாத்துலயும் களிம்பு. சூடு தணியட்டும்னு பின்னாடி ரெண்டு காத்தாடி வச்சிருக்கான் புண்ணியவான். அது கடல் காத்தை இழுத்து இழுத்து உள்ளே ஊதியிருக்கு. உப்பு போட்டு ஊறுகாய் போட்ட மாதிரி ஒரு திரை.

"ஐபி65-ன்னு சொன்னானே தம்பி, தண்ணி படாதுன்னு எழுதியே குடுத்தானே" என்கிறார் கீழே இருந்து.

எழுதிக் குடுத்தது உண்மைதான். அவன் பொய் சொல்லலை. எனக்கு வயிறு எரியறதே அதனாலதான். ஐபி65-ன்னா தூசி உள்ளே போகாது, குழாயில தண்ணி பீய்ச்சி அடிச்சாலும் கெடுதல் இல்லை. ஆனா வெளிப்புறத் திரைகள்ல அந்த 65 பெரும்பாலும் முன்பக்கத்துக்கு மட்டும். பின்பக்கம் ஐபி54, சிலதுல அதுவும் கிடையாது. மதிப்பீட்டுத் தாள்ல முன்பக்க எண்ணைப் பெரிசாப் போடுவாங்க. இன்னொண்ணு, ஐபி எண் தூசியையும் தண்ணியையும்தான் அளக்குது, உப்பை அளக்கறதில்லை. உப்புத் தூவல் சோதனைன்னு தனியா ஒண்ணு இருக்கு. சர்க்யூட் போர்டு மேல பூச்சு பூசறதும் தனி. ரெண்டையும் அண்ணாச்சி கேட்கலை. கேட்கணும்னு அவருக்கு எப்படித் தெரியும்? விக்கிறவனுக்குத் தெரியும். போர்ட் பிளேருக்குத்தான் அனுப்பறோம்னு லாரி ரசீதுல, கப்பல் ரசீதுல எழுதினவன் அவன்தானே.

(போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. வாயில இன்னும் பழைய பேர்தான் வருது, மன்னிச்சுக்குங்க. பேர் மாறினப்ப பெயிண்ட் போர்டு வச்சவன் எல்லாம் தலையைச் சொறிஞ்சான், திரை வச்சவன் ரெண்டு நிமிஷத்துல மாத்திட்டான். எல்இடிக்கு இந்த ஒரு மார்க் குடுத்துடறேன், பின்னாடி திட்டறதுக்கு வசதியா இருக்கும்.)

நான் ஏன் இதை உட்கார்ந்து எழுதறேன்னா, அண்ணாச்சி ஒருத்தர் இல்லை. துபாய்ல மளிகைக்கடை போட்டவர், கனடாவுல கோயில் கமிட்டியில இருக்கிறவர், சிங்கப்பூர்ல சாப்பாட்டுக்கடை வைக்கப்போறவர்னு நம்ம சனம் எங்க போனாலும் ரெண்டாவது வருஷம் ஒரு எல்இடி திரை வாங்குது. பக்கத்துக் கடைக்காரன் வச்சுட்டான், அவ்வளவுதான் காரணம். வாங்கும்போது என்ன பார்க்கறோம்? எத்தனை அடி, எவ்வளவு வெளிச்சம். கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறப்ப கூட இதைவிட ரெண்டு கேள்வி கூடக் கேட்கறோம்.

சரி, அண்ணாச்சிக்குக் குடுத்த தாளைப் பிரிச்சு மேயலாம்.

முதல் வரி: "பி10 ஃபுல் கலர், 10 அடிக்கு 6 அடி." பி10-ன்னா ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவுல 10 மில்லிமீட்டர். எங்க தொழில்ல ஒரு கைக்கணக்கு உண்டு. எத்தனை மில்லிமீட்டரோ, குறைஞ்சது அத்தனை மீட்டர் தள்ளி நின்னு பார்க்கணும். கிட்டப் போனா புள்ளிதான் தெரியும், படம் தெரியாது. அபர்தீன் பஜார் பக்கம் சந்துக்குள்ள இருக்கிற கடை அது. எதிர்ச் சுவர்ல முதுகை ஒட்டிக்கிட்டு நின்னாலும் ஏழு மீட்டர்தான். அந்தத் திரையைச் சரியாப் பார்க்கணும்னா எதிர்வீட்டு அடுப்படிக்குள்ள போய் நிக்கணும். புள்ளியை நெருக்கமா வாங்கலாமேன்னா, பாதியாக் குறைச்சு பி5 எடுத்தா புள்ளி எண்ணிக்கை நாலு மடங்கு. விலையும் சேர்ந்து ஏறும். ஆக அந்தச் சந்துக்குக் கட்டுப்படியான திரையே கிடையாது. இதை யாராவது ஒருத்தர் முதல்லயே வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். நான் உட்பட. மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அந்தக் கடையில டீ குடிச்சிருக்கேன், அண்ணாச்சி பெருமையாப் படத்தைக் காமிச்சார், நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஒரு மாட்யூல் 320 மில்லிமீட்டருக்கு 160. அதுல 32 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். அண்ணாச்சி திரையில குறுக்கே பத்து, நெடுக்கே பன்னிரண்டு, மொத்தம் 120 மாட்யூல். பெருக்கிப் பாருங்க, 320-க்கு 192, மொத்தம் 61,440 புள்ளி. 2007-ல வந்துதே நோக்கியா என்95, நம்மள்ல பாதிப்பேர் கடன் வாங்கி வாங்கின ஃபோன்? அதோட திரை 240-க்கு 320, 76,800 புள்ளி. உள்ளங்கையில இருந்த அந்தப் பழைய ஃபோனை விடக் கம்மியான புள்ளி, பத்தடித் திரையில! "ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறம்"-னு தாள்ல இருக்கு. வாஸ்தவம்தான், சிவப்பு 256, பச்சை 256, நீலம் 256, பெருக்கினா வரும். அண்ணாச்சிக்குத் தேவை மஞ்சளும் சிவப்பும். 3,840 ஹெர்ட்ஸ் ரெஃப்ரெஷ்னும் இருக்கு. கேமராவுல படம் பிடிக்கிறப்ப கோடு கோடாத் தெரியாம இருக்க அது உதவும், மேடை நிகழ்ச்சிக்கு அவசியம்தான். துவரம்பருப்பு வாங்க வர்றவங்க யாரு கேமரா தூக்கிட்டு வர்றாங்க?

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். தமிழ்.

கடையைத் திறந்த முதல் நாள் ராத்திரி திரையில ஓடின வரி "தேங்காய் எண்ணெய்". ஓட வேண்டிய வரின்னு சொல்லணும். ஓடினது என்னன்னா, ஒத்தைக் கொம்பு தனியா ஒரு பக்கம், பக்கத்துல புள்ளி வச்ச ஒரு வட்டம், அப்புறம் ண, அப்புறம் ய. யூனிகோடுல கொம்பு போட்ட எழுத்தை மெய்க்குப் பின்னாடி சேமிக்கறோம், காட்டறப்ப முன்னாடி கொண்டுவரணும். கணினியில அந்த வேலை சத்தமில்லாம நடந்துடுது. சில மலிவான கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும், ஃபோன்ல இருந்து வரி அனுப்பற சில செயலிகளுக்கும் அது தெரியாது. பாமினியில அடிச்சுக் கஷ்டப்பட்ட தலைமுறைக்கு இந்தக் காட்சி நல்லாவே ஞாபகம் இருக்கும். இருபது வருஷம் முன்னாடி செத்த பேய் திரும்ப வந்து கடை வாசல்ல நிக்குது.

சரி, வரியைப் படமா மாத்தி அனுப்பிச்சுச் சமாளிச்சோம். அடுத்த வம்பு உயரம். ஆங்கில எழுத்து 16 புள்ளி உயரத்துல அழகா உட்கார்ந்துடும். தமிழுக்கு மேலே புள்ளி வேணும், விசிறி வேணும், கீழே கு-வும் கூ-வும் தொங்கணும். எல்லாத்தையும் 16 வரிசைக்குள்ள அமுக்கினா முதல்ல செத்துப்போறது மெய்யெழுத்தோட புள்ளி. "பருப்பு" வந்து "பருபபு" ஆயிடுது. ண-வும் ன-வும் ரெட்டைப்பிள்ளை மாதிரி நிக்குது. 24 வரிசையாவது குடுத்தாத்தான் தமிழ் மூச்சு விடும், 32 இருந்தா நிம்மதி. இதை எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டாங்க. மாதிரித் திரையில அவங்க ஓட்டறது மீன் நீந்தற வீடியோவும் "வெல்கம்" என்கிற ஆங்கில வார்த்தையும்தான். மீன் எந்தத் திரையிலயும் நல்லா நீந்தும்!

அதனால நீங்க கடைக்குப் போனா வெளிச்சம், நிறம், ஹெர்ட்ஸ் எல்லாத்தையும் ஒரு ஓரமா வச்சுட்டு, "தேங்காய் எண்ணெய்-னு போடுங்க"-ன்னு கேளுங்க. போட்டதும் வெளியே வந்து, உங்க தெரு எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் நடந்து போய் நின்னு படிங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, கண்ணாடி போடாம.

வெளிச்சம்னதும் ஞாபகம் வருது. இந்தியா முழுக்க ஒரே கடிகாரம், ஆனா நாங்க இருக்கிறது கிழக்குக் கோடியில. நவம்பர்ல அஞ்சு மணிக்கெல்லாம் பொழுது சாஞ்சுடும். சென்னையை விட முக்கால் மணி நேரம் முன்னாடி. திரையோட வெளிச்சத்தை ராத்திரி ஏழு மணிக்குக் குறைக்கற மாதிரி நேரம் வச்சுக் குடுத்துட்டான் அந்த ஆளு. வெயில்ல தெரியறதுக்கு 5,000 நிட்ஸுக்கு மேல வேணும், இருட்டுல சில நூறு போதும். அஞ்சரையில இருந்து ஏழு வரைக்கும் அந்த இருட்டுச் சந்துல நட்டநடுப் பகல் வெளிச்சம். எதிர்வீட்டு வங்காளி அம்மா போர்வையை ஜன்னல்ல தொங்க விட்டுட்டாங்க. ஸ்கூட்டர்ல வர்றவன் கண்ணைச் சுருக்கிக்கிட்டு வர்றான். சுத்தி இருக்கிற வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக் கூட்டிக் குறைக்க ஒரு சென்சார் உண்டு, திரை விலையில அது ஒண்ணுமே இல்லை. தாள்ல அது "விருப்பப்பட்டால்" என்கிற பட்டியல்ல கிடந்தது. காத்தாடி மட்டும் இலவசம்.

ஹேவ்லாக்ல (2018 டிசம்பருக்கு அப்புறம் ஸ்வராஜ் த்வீப்) ஒரு விடுதிக்காரர் கடற்கரையைப் பார்த்த மாதிரி திரை மாட்டணும்னு என்னைக் கூப்பிட்டார். மாட்டேன்னுட்டேன். இந்தத் தீவுக் கரைகள்ல ஆமை முட்டை போட வருது. குஞ்சு பொரிஞ்சு வெளியே வந்ததும் அது தேடறது வெளிச்சத்தை, ராத்திரியில கடல்தான் வெளுப்பாத் தெரியும்னு அதுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. நீங்க பின்னாடி ஒரு திரையை வச்சா திரும்பி உங்க வரவேற்பறைக்கு நடந்து வரும். அவர் வேற ஆளைப் பிடிச்சுக்கிட்டாரான்னு நான் விசாரிக்கலை.

மின்சாரக் கணக்கையும் சொல்லிடறேன். 120 மாட்யூலும் முழு வெள்ளையில எரிஞ்சா அந்தத் திரை நாலு, நாலரை கிலோவாட் இழுக்கும். சாதாரணமா ஓடறப்ப மூணுல ஒரு பங்கு. அண்ணாச்சி கடைக்கு வாங்கின லோடே ரெண்டு கிலோவாட். முழு வெள்ளையில ஒரு விளம்பரம் வந்தா உள்ளே ஐஸ்கிரீம் பெட்டி அணைஞ்சுடும். 2020 ஆகஸ்ட்ல சென்னையில இருந்து கடலுக்கடியில இணையக் கேபிள் வந்துடுச்சு, மின்சாரக் கேபிள் வரலை. வரவும் வழியில்லை. சூரிய ஒளி கொஞ்சம் சேர்ந்திருக்கு, ஆனா இங்கே விளக்கு எரியறது பெரும்பாலும் கப்பல்ல வர்ற டீசல்ல. அந்த டீசல்லதான் "தேங்காய் எண்ணெய்" ஓடுது.

"ஒரு லட்சம் மணி நேரம் ஆயுள்"-ங்கிற வரியைப் பார்த்துட்டு அண்ணாச்சி மனக்கணக்குப் போட்டிருக்கார். இருபத்து நாலு மணி நேரமும் எரிச்சாலும் பதினோரு வருஷம், ராத்திரி மட்டும் எரிச்சா பேரன் காலம் வரைக்கும் வரும்னு. அந்த ஒரு லட்சம் எல்இடி சில்லோட ஆயுள், அதுவும் சோதனைச்சாலைச் சூட்டுல, வெளிச்சம் பாதியாக் குறையற வரைக்கும். திரை சாகறது அந்தச் சில்லால இல்லை. பவர் சப்ளையில இருக்கிற கெப்பாசிட்டர் சூடு பத்து டிகிரி ஏறினா ஆயுள்ல பாதியை இழக்கும். சென்னையை விட ரெண்டு மடங்கு மழை, வருஷத்துல எட்டு மாசம் ஈரம், கடல் காத்து. முதல்ல போறது கேபிள், அப்புறம் பவர் சப்ளை, அப்புறம் மாட்யூல்.

செத்தா என்ன பண்ணுவீங்க? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாத திரையை யாரும் வாங்கக் கூடாதுங்கிறது என் கட்சி. இலவசமாக் குடுத்தாலும் வாங்கக் கூடாது. அண்ணாச்சிக்கு ரெண்டு வருஷ உத்தரவாதம் இருக்கு. பின்பக்கச் சின்ன எழுத்துல, கெட்டுப்போன பாகத்தை வாடிக்கையாளர் தன் செலவுல அனுப்பணும்னு இருக்கு. நேர்ல ஆள் வரணும்னா விமானக் கட்டணம், தங்கற செலவு நம்முது. கப்பல்ல சென்னைக்கு மூணு நாள், கப்பல் கிடைச்சா. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கடல் நடுவுல இருக்கிறப்ப உத்தரவாதம்ங்கிறது பூஜை அறையில மாட்டி வைக்கிற காகிதம்.

நானே பழுது பார்த்துடலாம்னு உட்கார்ந்தேன். களிம்பைச் சுரண்டி, கேபிள் மாத்தி, 5 வோல்ட் பவர் சப்ளை நாலு மாத்தினேன். ரிசீவிங் கார்டு ஒண்ணு போயிருந்தது. புதுசு வாங்கிடலாம், ஆனா அந்தக் கார்டுக்குள்ள இந்த மாட்யூல் எப்படிப் பின்னியிருக்குன்னு சொல்ற அமைப்புக் கோப்பு ஒண்ணு ஏத்தணும். அது இல்லாட்டி புதுக் கார்டு போட்டாலும் குப்பைதான் தெரியும். கோப்பு விக்கிறவன்கிட்ட இருக்கு. கேட்டா, "சர்வீஸ் விசிட் போட்டாத்தான் சார்" என்கிறான். ஒரு மின்னஞ்சல்ல அனுப்பற சமாசாரம் அது! மூணரை லட்சம் வாங்கினவன் நாலு கிலோபைட் குடுக்க மாட்டேங்கறான். கையிருப்பு மாட்யூலும் குடுக்கலை. அதே உற்பத்தித் தொகுதியில இருந்து அஞ்சு சதவீதமாவது, இந்தத் திரைக்கு ஆறு மாட்யூல், முதல்லயே வாங்கிப் பெட்டியில வச்சிருக்கணும். அப்புறமா வாங்கினா நிறம் ஒட்டாது, கிழிஞ்ச வேட்டியில ஒட்டுப் போட்ட மாதிரி தனியாத் தெரியும்.

கோப்பு நம்ம பென்டிரைவ்ல வரணும். கையிருப்பு மாட்யூல் கடைக்குள்ள இருக்கணும். நம்ம ஊர்ல ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற ஒரு பையனுக்கு மாட்டறப்பவே கத்துக் குடுக்கணும். இந்த மூணும் எழுத்துல வந்த பிறகுதான் கடைசித் தவணை. வேற எந்த அம்சமும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

"நீ வளர்ச்சிக்கு எதிரி"-ம்பாங்க. இல்லீங்க. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில எந்தப் படகு எத்தனை மணிக்குன்னு சொல்லத் திரை வேணும், காத்து அடிச்சா நேரம் மாறும், ரத்தாகும். மாறுற செய்திக்கு மாறுற பலகை. மளிகைக்கடையில மாறாதது கடைப் பேர். மாறுறது விலை, அதைக் கடைக்குள்ள 43 இஞ்ச் டிவி ஒண்ணு மாட்டிக் காட்டிட்டுப் போங்களேன். அதுல இருபது லட்சத்துக்கு மேல புள்ளி, அண்ணாச்சி திரையை விட முப்பத்து மூணு மடங்கு, நூறு வாட்ஸ் பக்கம்தான் இழுக்கும், கெட்டா பஜார்லயே ஆள் இருக்கு. கோயில் விழாவுக்கோ பொங்கலுக்கோ பெருந்திரை வேணும்னா ரெண்டு நாள் வாடகைக்கு எடுங்க. கமிட்டி நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க, கெட்ட திரையைக் கோயில் முகப்புல வச்சுக்கிட்டு முருகன் முகத்துல கறுப்புக் கட்டம் விழறதைப் பார்க்கிறதுக்கு வாடகை எவ்வளவோ மேல்.

இன்னொண்ணும் இருக்கு, வாங்கறப்ப யாரும் யோசிக்கறதில்லை. எடை. சட்டத்தோட சேர்த்து முந்நூறு கிலோவுக்கு மேல இரும்பு, பழைய கட்டடத்தோட நெத்தியில தொங்குது. 2024 மே 13-ம் தேதி மும்பை காட்கோபர்ல விளம்பரப் பலகை சாஞ்சு 17 பேர் செத்தது சும்மா ஒரு புழுதிக் காத்துக்கு. நம்ம தீவுல காத்தும் உண்டு, நிலநடுக்கமும் உண்டு, 2004 டிசம்பரை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அண்ணாச்சி திரையைச் சுவர்ல பிடிச்சிருந்தது ஆறு போல்ட். அதுல ரெண்டு துரு ஏறி என் கையோட வந்துடுச்சு.

அதைக் காட்டினதும்தான் அவர் முகம் மாறுச்சு. "எறக்கிருவோம் தம்பி. கீழ பிள்ளைய பள்ளிக்கூடம் போகுதுல்லா" என்றார். காசைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அக்கா உள்ளே இருந்து காப்பி கொண்டுவந்து வச்சாங்க, அவங்களும் பேசலை.

அடுத்த வாரம் பெயிண்டர் வந்தார். வங்காளி, தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அண்ணாச்சி பேப்பர்ல எழுதிக் குடுத்ததைப் பக்கத்துல வச்சுப் பார்த்துப் பார்த்து வரைஞ்சார். மஞ்சள்ல எழுத்து, சிவப்புல நிழல். மேலே ஒரு இருபது வாட்ஸ் விளக்கு. "பலசரக்கு, தேங்காய் எண்ணெய், அப்பளம்." எதிர்ச் சுவர்ல முதுகை ஒட்டிக்கிட்டு நின்னு ஒவ்வொரு எழுத்தா சரிபார்த்தேன். ஒரு புள்ளி கூட விடலை மனுஷன்.